மேலே போனால் போதுமா? திரும்பி வர வேண்டாமா!

ராக்கெட் மேலே கிளம்பும்போது எல்லோரும் கை தட்டுகிறார்கள். அது எப்படித் தரைக்கு வந்து சேருகிறது என்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். விடுமுறை நாள் வந்தால் குடும்பத்தோடு வயல்வெளிக்குப் போவார்கள். தங்கள் கையால் செய்த ராக்கெட்டைப் பறக்க விடுவார்கள்.

இந்த ராக்கெட் தீபாவளி வாணம் அல்ல. ஆள் உயரம் இருக்கும். அதைவிடப் பெரியதும் உண்டு. ஆயிரக்கணக்கான அடி உயரம் போகும். சில ராக்கெட்டுகள் ஒலியைவிட வேகமாகப் பாயும்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பரீட்சை விசித்திரமானது. எவ்வளவு உயரம் போனாலும் அதற்கு மார்க்கு கிடையாது. பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் தேர்வு!

இப்படிப்பட்ட விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

"நெருப்போடு விளையாட்டா? வேண்டவே வேண்டாம்" என்று பல பெற்றோர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் "வேண்டாம்" என்று சொன்னதோடு அபாயம் போய்விடுவது இல்லை. ராக்கெட் ஆசை பிடித்த பிள்ளைகளை உண்மையில் காப்பாற்றியது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்புக் குழாயும் இழந்த விரல்களும்

1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, சோவியத் ரஷ்யா "ஸ்புட்னிக்" என்ற செயற்கைச் சந்திரனை வானில் ஏவியது. உலகமே அண்ணாந்து பார்த்தது.

அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. "நாமும் ஒன்று விட்டுப் பார்த்தால் என்ன?" என்று கிளம்பிவிட்டார்கள்.

வழி சொல்ல ஆள் இல்லை. இரும்புக் குழாயை எடுத்தார்கள். கையில் கிடைத்த மருந்துகளை அதில் போட்டுக் கெட்டித்தார்கள். திரியைக் கொளுத்தினார்கள்.

குழாய் மேலே போகவில்லை. வெடித்துச் சிதறியது! இரும்புத் துண்டுகள் நாலா பக்கமும் பறந்தன. சில சிறுவர்கள் விரல்களை இழந்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. உயிரை இழந்த சிறுவர்களும் உண்டு.

மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே ஹோமர் ஹிக்கம் என்ற சிறுவன் இருந்தான். அவன் செய்த முதல் ராக்கெட், அவனுடைய தாயாரின் ரோஜாத் தோட்டத்து வேலியைத் தூள் தூளாக்கியது.

நல்ல வேளை, போனது வேலி மட்டும்தான்! அதன் பிறகு பெரியவர்கள் அவனுக்குத் துணையாக வந்தார்கள். சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள் குழாய் கடைந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ராக்கெட் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். 1960-ம் ஆண்டு தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் அவனும் நண்பர்களும் பரிசு பெற்றார்கள்.

அந்தச் சிறுவன் பின்னால் "நாசா" விண்வெளி நிலையத்தில் என்ஜினீயர் ஆனார். தம் கதையைப் புத்தகமாக எழுதினார். அது 1999-ல் சினிமாவாகவும் வந்தது.

கதை இனிக்கிறது. ஆனால் எல்லாச் சிறுவர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இடங்களில் விபத்து நடந்துகொண்டே இருந்தது.

பூட்ஸ் கடைக்காரர் காட்டிய வழி

இதற்குப் பரிகாரம் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. ஒரு பூட்ஸ் கடைக்காரர்!

அவர் பெயர் ஆர்வில் கார்லைல். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்ற ஊர். வாணவேடிக்கையில் அவருக்கு ஆசை அதிகம். அவருடைய சகோதரர் ராபர்ட், சிறு விமானங்கள் செய்து பறக்கவிடுபவர். ராக்கெட் பறக்கும் விதத்தைக் கூட்டங்களில் விளக்கிக் காட்ட ராபர்ட்டுக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது.

1954-ல் ஆர்வில் ஒன்று செய்து கொடுத்தார். உடல் காகிதக் குழாய். சிறகுகள் லேசான மரம். இரும்பு என்ற பேச்சே இல்லை. மருந்தைத் தனியாக ஒரு சிறு காகிதக் குழலில் அடைத்தார். எரிந்து முடிந்ததும் அந்தக் குழலை எடுத்து எறிந்துவிடலாம். வேறு ஒன்று போட்டு மறுபடியும் பறக்கவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இன்னொன்று. உச்சிக்குப் போனதும் சிறிது மருந்து பின்னால் பற்றி எரியும். அந்த வேகத்தில் ஒரு குடை வெளியே வந்து விரியும். "பாராசூட்" என்ற அந்தக் குடையில் தொங்கிக்கொண்டு ராக்கெட் மெல்ல இறங்கும். அதனால்தான் தம் ராக்கெட்டுக்கு "ராக்-எ-சூட்" என்று கார்லைல் பெயர் வைத்தார். பெயரிலேயே குடை இருக்கிறது!

அப்போது ஹாரி ஸ்டைன் என்ற என்ஜினீயர், நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் பாதுகாப்பு வேலை பார்த்து வந்தார். ராக்கெட் பாதுகாப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். கார்லைல் அதைப் படித்தார். தம்முடைய ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார்.

ஸ்டைன் பறக்கவிட்டுப் பார்த்தார். சிறுவர்களைக் காப்பாற்ற வழி இதுதான் என்று கண்டுகொண்டார்.

வழி என்ன? மருந்து அடைக்கும் வேலை தொழிற்சாலைக்கு. ராக்கெட் கட்டும் வேலை பிள்ளைக்கு!

1957-லேயே ஸ்டைன் ஒரு கம்பெனியும் சங்கமும் தொடங்கினார். மருந்துக் குழல்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. கொலராடோவில் வெர்ன் எஸ்டெஸ் என்பவர் அவற்றைச் செய்ய ஒரு யந்திரம் அமைத்தார். ஐந்தரை விநாடிக்கு ஒரு குழல் வீதம் அது தயாரித்துத் தள்ளியது.

"ராக்கெட் விடாதே" என்று இவர்கள் சொல்லவில்லை. "இப்படி விடு" என்று கற்றுக்கொடுத்தார்கள். இரும்புக் குழாயைத் தேடிப் போக வேண்டிய அவசியம் சிறுவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

நெல் வைத்த கதை

சிறுவர்கள் பெரியவர்கள் ஆனார்கள். ஆசையும் வளர்ந்தது. ராக்கெட்டும் பெரிதாயிற்று.

1982-ல் ஒகையோ மாநிலத்தில் ஒரு பெரிய ராக்கெட் திருவிழா தொடங்கியது. அதற்குப் பெயர் என்ன தெரியுமா? "பெரிய, அபாயமான ராக்கெட் கப்பல்கள்!" வேடிக்கைக்காக வைத்த பெயர்தான். ஆனால் அதில் உண்மையும் இருக்கிறது.

ராக்கெட் மோட்டாரின் சக்தியை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ஏ, பி, சி என்று வரிசையாக வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் சக்தி இரட்டிப்பு ஆகும்.

சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதை தெரியும் அல்லவா? முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கு அடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டே போனதில், அரசனுடைய களஞ்சியமே காலியாயிற்று. இங்கேயும் அதே கணக்குத்தான்.

சிறுவர்கள் தொடங்குவது "ஏ" மோட்டாரில். "எச்" மோட்டாரின் சக்தி அதைப்போல் 128 மடங்கு. "ஓ" மோட்டாரின் சக்தி 16,384 மடங்கு!

"எச்" முதல் மேலே உள்ளவை எல்லாம் பெரிய சக்தி ராக்கெட்டுகள். அவற்றின் மருந்து, ரப்பர் போன்ற பொருளில் உப்பையும் அலுமினியத் தூளையும் கலந்து இறுகச் செய்தது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தை மேலே தூக்கிய இரண்டு பெரிய ராக்கெட்டுகளிலும் இந்த வகை மருந்துதான் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ராக்கெட் சாமான்கள் ஒரு பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன. பெட்டியில் மருந்து இராது. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

தடித்த அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைச் சிறகுகள், பிளாஸ்டிக் மூக்கு, மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் உட்குழாய், வளையங்கள், நீண்ட நாடா, நைலான் குடை. இவைதான் சாமான்கள்.

செய்வது கஷ்டம் அல்ல. ஆனால் அவசரம் கூடாது. பசையை இரண்டு புட்டிகளிலிருந்து சம அளவில் எடுத்துக் கலக்க வேண்டும். ஒட்டும் இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பான இடத்தில் பசை பிடிக்காது. ஒரு சிறகு கோணினால் ராக்கெட் பம்பரம்போல் சுற்றும்.

குழாயின் பக்கத்தில் ஒரு சிறு துளை போடுவார்கள். ஏன்? மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று மூக்கைத் தள்ளிவிடும். நடு வழியில் குடை வந்துவிடும். அந்த விபத்தைத் தடுக்க அந்தச் சிறு துளை போதும்!

மூக்கு இறுக்கமாக இருந்தால் குடை வெளியே வராது. தளர்ச்சியாக இருந்தால் முன்னதாகவே வந்துவிடும். மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். நழுவினால் காகித நாடா ஒரு சுற்றுச் சுற்றுவார்கள்.

குடையின் மடிப்பு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி மடிப்பவர்கள் உண்டு.

இவ்வளவு அக்கறையும் எதற்காக? பெரும்பாலும் இறங்குவதற்காக!

அம்பு ஏன் நேராகப் போகிறது?

தீபாவளி வாணத்துக்கு நீண்ட குச்சி இருக்கும். குச்சியை ஒடித்துவிட்டால் வாணம் தாறுமாறாக ஓடும். அம்புக்கு வாலில் இறகு இருக்கும். முனையில் கனம் இருக்கும்.

ராக்கெட்டுக்கும் அதே நியாயம்தான். அதன் கனம் சமமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. காற்று மோதுவது சமமாக நிற்கும் இடம் வேறு ஒன்று உண்டு. கனத்தின் இடம் முன்னால் இருக்க வேண்டும். காற்றின் இடம் பின்னால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் அகலம் அளவு தூரம் வேண்டும். மாறிப் போனால் ராக்கெட் வானத்திலேயே குட்டிக்கரணம் போடும்.

சிறு ராக்கெட்டாக இருந்தால், கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்கலாம். மூக்கு முன்னே போனால் நல்லது. வால் முன்னே வந்தால் அதைப் பறக்கவிடக் கூடாது.

1966-ல் ஜேம்ஸ் பாரோமன் என்ற நாசா என்ஜினீயர், இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க எளிய வழி சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். "கணக்குப் படித்து என்ன பயன்?" என்று கேட்கும் பையனுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

"இன்று வேண்டாம்!"

பறக்கவிடும் நாளில் முதல் மரியாதை பாதுகாப்பு அதிகாரிக்குத்தான். அவரும் சங்கத்து உறுப்பினர்தான். ஒவ்வொரு ராக்கெட்டையும் அவர் கையில் வாங்கிப் பார்ப்பார். சிறகை அசைத்துப் பார்ப்பார். எடை கேட்பார். மோட்டாரின் தள்ளு சக்தி, ராக்கெட்டின் எடையைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

குறை கண்டால், "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் உழைத்துச் செய்தவர் பணக்காரராக இருந்தாலும், பட்டதாரியாக இருந்தாலும், மறுபேச்சுப் பேசாமல் ராக்கெட்டை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விமான இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள். காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தால் விடமாட்டார்கள். தீக்குச்சி கிடையாது. தூரத்தில் நின்று, மின்சாரத்தால்தான் கொளுத்த வேண்டும். "எச்" மோட்டாருக்கு 100 அடி தள்ளி நிற்க வேண்டும். "எம்" மோட்டாருக்கு 500 அடி.

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று... பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையா? யாரும் கிட்டே ஓடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் போக வேண்டும்.

சில சமயம் குடை விரியாது. ராக்கெட் ஈட்டிபோல் கீழே பாயும். உடனே எச்சரிக்கைக் குரல் எழும். எல்லோரும் எழுந்து நின்று, விரலால் அதைச் சுட்டிக் காட்டுவார்கள். காணாதவர்களும் கண்டு விலகிக்கொள்வார்கள்.

அபாயமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அபாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டதால்தான் இவ்வளவு ஏற்பாடு!

மூன்று படிகள்

பெரிய மோட்டாரைக் கேட்டவுடனே கொடுத்துவிட மாட்டார்கள். மூன்று படிகள் உண்டு. வயது 18 ஆக வேண்டும். 14 வயது முதல் உள்ள இளைஞர்கள், பெரியவர்களின் மேற்பார்வையில் முதல் படியில் மட்டும் பழகச் சங்கம் இடம் கொடுக்கிறது.

முதல் படிக்கு ஒரு ராக்கெட் செய்து, "எச்" அல்லது "ஐ" மோட்டாரில் பறக்கவிட வேண்டும். இரண்டாம் படிக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. மூன்றாம் படிக்கு, ராக்கெட்டின் அமைப்பை எழுதி, அனுபவசாலிகளிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மூன்று படிக்கும் ஒரே சட்டம்: பழுது பார்க்காமல் மறுபடியும் பறக்கவிடக்கூடிய நிலையில் ராக்கெட் திரும்பி வர வேண்டும். மேகத்தைத் தொட்டுவிட்டு உடைந்து விழுந்தால் "பெயில்"தான்!

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு தேசியப் போட்டி நடக்கிறது. 2003-ம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. சிறிய ராக்கெட்டில் கோழி முட்டையை வைத்து அனுப்ப வேண்டும். குறித்த உயரம் போக வேண்டும். குறித்த நேரத்தில் இறங்க வேண்டும். முட்டை உடைந்தால் அந்தப் பறப்புச் செல்லாது. அதிக உயரம் போனவனுக்குப் பரிசு இல்லை. சொன்ன உயரம் போய், முட்டையைக் காப்பாற்றியவனுக்குத்தான் பரிசு!

2009-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, மேரிலாந்து மாநிலத்தில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர் ஒரு ராக்கெட் விட்டார். மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுபோன "சாட்டர்ன் 5" ராக்கெட்டின் பத்தில் ஒரு பங்கு அளவு அது. உயரம் 36 அடி. எடை 1,600 பவுண்டுக்கு மேல். அவர் கார்களின் உடலைப் பழுது பார்க்கும் தொழில் செய்தவர்!

அந்த ராக்கெட் 4,440 அடி உயரம் போயிற்று. அவ்வளவு கனமும் குடைகளில் தொங்கிக்கொண்டு இறங்கியது. கூடியிருந்த மக்கள் அதையும் பார்த்துத்தான் ஆரவாரம் செய்தார்கள்.

கோர்ட்டுக்குப் போன மருந்து

அரசாங்கத்துக்கும் பயம் இருந்தது. இந்த ராக்கெட் மருந்தை, வெடிபொருள் இலாகா வெடிமருந்துப் பட்டியலில் வைத்திருந்தது. மோட்டார் வாங்குவதும் வைத்திருப்பதும் சிரமமாக இருந்தது.

ராக்கெட் சங்கங்கள் திருட்டுத்தனமாக மருந்து செய்யவில்லை. 2000-ம் ஆண்டில் கோர்ட்டில் வழக்குப் போட்டன. "இந்த மருந்து எரியும். வெடிகுண்டுபோல் வெடிக்காது" என்று வாதாடின. வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. 2009-ல் சங்கங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தங்களுக்குத் தாங்களே கடுமையான சட்டம் வகுத்து, பல ஆண்டுகள் அதன்படி நடந்தவர்கள் அவர்கள். அதனால் கோர்ட்டில் தலை நிமிர்ந்து நின்று பேச முடிந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு உண்டு. பெரிய ராக்கெட் எல்லோருக்கும் கட்டாது. ஆனால் கார்லைலின் முதல் ராக்கெட் காகிதமும் லேசான மரமும்தான். கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, எந்தப் பிள்ளையும் வீட்டில் மருந்து இடிக்கக் கூடாது. குழாயில் அடைக்கக் கூடாது. அப்படிச் செய்தவர்கள் இழந்த விரல்கள் மறுபடியும் முளைக்கவில்லை.

பெற்றோர்களும் ஒன்றை நினைக்க வேண்டும். பிள்ளையின் ஆசையை அடக்கிவிட்டால் அது செத்துவிடாது. கொல்லைப்புறத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வாங்கிக் கொடுத்துவிட்டு, "போய் விளையாடு" என்று அனுப்பிவிடுவதும் தப்பு. அது குரங்கு கையில் கொள்ளிக்கட்டை கொடுத்த கதை ஆகும்.

பக்கத்தில் உட்கார வேண்டும். விதிகளைச் சேர்ந்து படிக்க வேண்டும். "இன்று காற்று அதிகம், வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நாளில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ராக்கெட்டைத் திரும்ப எடுத்து வைக்கும் பிள்ளையை மெச்ச வேண்டும். பறக்கவிட்ட பிள்ளையைவிட அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது அதிகம்.

நாளைக்கு அந்தப் பிள்ளை மோட்டார் ஓட்டலாம். ஆலையில் யந்திரம் நடத்தலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கலாம். அங்கேயும், போனபடியே பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு அவனுக்குத் துணை நிற்கும். அவளுக்கும் துணை நிற்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து, "ராக்கெட் செய்யப் போகிறேன்" என்று சொன்னால் கோபிக்காதீர்கள். "எவ்வளவு உயரம் போகும்?" என்றும் கேட்காதீர்கள்.

"எப்படி இறங்கும்?" என்று கேளுங்கள்!